காருக்குள் பளபளக்கும் கறுப்பு: மெல்லிய கீறல்களைக் கையாலேயே எடுப்பது எப்படி?

புது வண்டி எடுத்து மூன்றாவது வாரம். காலை எட்டு மணி வெயில் பக்கக் கண்ணாடி வழியாகச் சாய்வாக உள்ளே வந்து, கியரைச் சுற்றியிருக்கும் கறுப்புப் பட்டையின் மேல் விழுந்தது. ஷோரூமில் முகம் பார்க்கலாம் போல இருந்த அதே இடத்தில் சிலந்தி வலை கட்டியிருந்தது. நடுவில் ஒரு வெளிச்சப் புள்ளி, அதைச் சுற்றி வட்டம் வட்டமாக முடி போன்ற கோடுகள். யாரும் ஆணியால் கீறவில்லை, சாவிக்கொத்தைத் தூக்கிப் போடவில்லை. தினமும் காலையில் வண்டியை எடுக்கும் முன் ஆசை ஆசையாக ஒரு பழைய பனியன் துணியால் துடைத்துக்கொண்டிருந்தது நான்தான்.

இந்தப் பளபள கறுப்பை பியானோ பிளாக் என்பார்கள். கியர் பக்கம், ஏசி வென்ட் ஓரம், பவர் விண்டோ சுவிட்ச் இருக்கும் கதவுப் பட்டை, ஸ்டீயரிங்கின் கால்கள் என்று இப்போது வருகிற பல வண்டிகளில் கை படுகிற இடமெல்லாம் இதுதான். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மெக்கானிக் ஷெட்டுக்குள் போன மாதிரி, எது பட்டாலும் தெரியும்.

ஏன் இதில் மட்டும் இவ்வளவு தெரிகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வழவழப்பான கறுப்புப் பரப்பு, தன் மேல் விழும் வெளிச்சத்தைக் கண்ணாடி மாதிரி ஒரே திசையில் திருப்பி அனுப்புகிறது. கீறலின் விளிம்பு அதை நாலா பக்கமும் சிதறடிக்கிறது. பின்னால் இருப்பது கறுப்பு என்பதால் அந்தச் சிதறல் வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. பக்கத்தில் இருக்கும் சொரசொரப்பான டேஷ்போர்டிலும் இதே கீறல்கள் இருக்கும், அங்கே கண்ணுக்குப் படாது, அவ்வளவுதான்.

கீறுவது எது? தூசிதான். சாலைத் தூசியில் கலந்திருக்கும் பொடிமணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் 10 புள்ளி மோஸ் அளவுகோலில் அதற்கு 7. ஜன்னல் கண்ணாடிக்கே ஐந்தரை அளவில்தான் வரும். பிளாஸ்டிக் அதற்கும் வெகு கீழே. ஆக, காய்ந்த துணியால் தூசியைத் துடைப்பதும் மிக நைசான உப்புத்தாளால் தேய்ப்பதும் ஏறக்குறைய ஒரே வேலை.

எடுக்கக்கூடிய கீறலா என்று முதலில் பாருங்கள்

வண்டியை நிழலில் நிறுத்தி உள்ளே நன்றாக ஆறவிடுங்கள். மே மாதத்தில் வெயிலில் நின்ற வண்டியின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் பாலிஷ் போட்டால் போட்ட இடத்திலேயே காய்ந்து வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். கையை வைத்தால் குளுமையாக இருக்க வேண்டும், அதுதான் கணக்கு.

மொபைல் டார்ச்சை ஒன்றரை அடி தூரத்தில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சம் பரவலாக விழுவதால் கீறலை மறைத்துவிடும். டார்ச் ஒரே புள்ளியிலிருந்து அடிப்பதால் எதையும் மறைக்காது. பார்த்தவுடன் மனசு உடையும், பரவாயில்லை.

இப்போது சுண்டுவிரல் நகத்தைக் கீறலின் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் கையாலேயே எடுத்துவிடலாம். நகம் தடுக்கினால் அது ஆழமான கீறல். அதன் ஓரத்தை மழுக்கிக் கொஞ்சம் மங்கலாக்கலாமே தவிர, முழுதாக எடுக்கப் பார்ப்பது ஆபத்து. கீறலை எடுப்பது என்றால் பள்ளத்தை நிரப்புவது என்று நினைத்துவிடாதீர்கள். சுற்றியிருக்கும் மேட்டைப் பள்ளத்தின் அடிவரை சீவி எடுக்கிறோம். வண்டியின் வெளிப்புற பெயின்ட் மேல் பாதுகாப்புக்காகப் பூசும் நிறமில்லாத கிளியர் கோட்டே பொதுவாக 40-50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. உள்ளே இருக்கும் பட்டைக்கு அதைவிடத் தாராளமாகப் பூசியிருப்பார்கள் என்று நம்பிக்கொண்டு தேய்க்காதீர்கள்.

என்ன வேண்டும்

அதிகம் ஒன்றும் இல்லை. மைக்ரோஃபைபர் துணி ஐந்தாறு, புதுசு. 300-லிருந்து 400 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) வரை இருக்கட்டும், ஓரம் தைக்காத வகையாக இருந்தால் இன்னும் நல்லது. தைத்த ஓரத்தின் நூலே கீறும். மூலையில் லேபிள் இருந்தால் வெட்டி எறிந்துவிடுங்கள். ஒர்க்ஷாப்பில் கிலோ கணக்கில் வாங்கி வைத்திருக்கும் பனியன் வேஸ்ட் இந்த வேலைக்கு ஆகாது. கிரீஸ் துடைக்க அதை விட்டால் ஆளில்லை, இங்கே வேண்டாம்.

முகத்துக்குப் பவுடர் போடும் பெரிய மேக்கப் பிரஷ் ஒன்று, கேமரா லென்ஸுக்குக் காற்று ஊதும் ரப்பர் பம்ப் ஒன்று, மெழுகு பூசப் பயன்படும் மெத்தென்ற ஃபோம் அப்ளிகேட்டர் இரண்டு, மாஸ்கிங் டேப் ஒரு சுருள்.

பாலிஷில்தான் எல்லாரும் தப்பு செய்கிறார்கள். கடையில் போய் ‘கீறல் போக ஏதாவது கொடுங்க’ என்றால் ரப்பிங் காம்பவுண்டை எடுத்து நீட்டுவார்கள். அது வெளிப்புற பெயின்ட்டுக்கான முரட்டு மருந்து. உங்களுக்கு வேண்டியது பிளாஸ்டிக் பாலிஷ் அல்லது ஃபினிஷிங் பாலிஷ் என்ற மிக நைசான வகை. மெகுயர்ஸ் பிளாஸ்ட் எக்ஸ் பிளாஸ்டிக்குக்கென்றே வருவது. அதே கம்பெனியின் எம்205, மென்சர்னா 3800 இரண்டும் பெயின்ட்டுக்கான கடைசிக்கட்ட பாலிஷ்கள், இந்த வேலைக்கும் ஒத்துவரும். ஒரு பாட்டிலை வாங்கி வைத்தால் வருடக்கணக்கில் தீராது. ஒரு தடவைக்குப் பட்டாணி அளவுதான் செலவு.

பற்பசை போதாதா என்று கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். நானும் கேட்டவன்தான், செய்தும் பார்த்தேன். பற்பசையிலும் தேய்ப்புத் துகள் இருக்கிறது. ஆனால் பல்லின் எனாமலைத் தேய்க்கக் கணக்குப் போட்ட துகள் அது. என் பட்டையில் பழைய கீறல் போனது உண்மை. போன இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பனி மூட்டம் மாதிரி ஒரு மங்கல் வந்து உட்கார்ந்தது. அதை எடுக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. தேங்காய் எண்ணெய் தடவினால் கீறல் மறையும், மறுநாள் தூசியை எல்லாம் கூப்பிட்டு ஒட்டவைத்துக்கொள்ளும். பளபளவென்று அடிக்கும் சிலிக்கோன் டேஷ்போர்டு ஸ்பிரேயும் செய்வது அதே வேலைதான், என்ன, கொஞ்சம் வாசனை அதிகம். சுவரில் கறை எடுக்கும் வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். தொட மெத்தென்று இருந்தாலும் அது உப்புத்தாளின் தம்பி.

தூசியை எடுப்பது: அவசரப்படாதீர்கள்

முதலில் ரப்பர் பம்ப்பால் ஊதுங்கள். பட்டையும் டேஷ்போர்டும் சேரும் இடுக்கில்தான் மணல் ஒளிந்திருக்கும். ஊதாமல் துடைத்தால் துணி அதை வெளியே இழுத்துக்கொண்டு வந்து பரப்பு முழுக்கக் கோலம் போடும். அப்புறம் பிரஷ்ஷால், தூசி தட்டுவது மாதிரி இல்லாமல், மயிலிறகால் வருடுவது மாதிரி ஓரத்துக்கு ஒதுக்குங்கள். வேக்குவம் இருந்தால் குழாயைப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளலாம், அதன் பிளாஸ்டிக் மூக்கு மட்டும் பட்டையில் படக் கூடாது.

அடுத்து ஈரம். அரை லிட்டர் தண்ணீரில் கார் ஷாம்பூவோ பேபி ஷாம்பூவோ இரண்டு சொட்டு. ஆர்ஓ தண்ணீராக இருக்கட்டும். போர் தண்ணீர் காய்ந்தால் உப்புத் திட்டு விழும், அதைத் துடைக்கப் போய்ப் புதுக் கீறல் வரும். தண்ணீரைப் பட்டையில் அடிக்காமல் துணியில் அடியுங்கள். கியர் பக்கம் இருக்கும் சுவிட்சுகளுக்கு அடியில் எல்லாம் மின்சார வேலை. துணியை நாலாக மடித்தால் இரண்டு பக்கமும் சேர்த்து, திருப்பித் திருப்பி மடிக்க, எட்டு சுத்தமான முகங்கள் கிடைக்கும். ஒரு இழுப்புக்கு ஒரு முகம். ஒரே திசையில், துணியின் எடையை விடக் கொஞ்சம்தான் கூடுதல் அழுத்தம். முன்னும் பின்னும் தேய்ப்பது இல்லை, வட்டம் போடுவது இல்லவே இல்லை. பிறகு இன்னொரு துணியை மேலே விரித்து, ஒற்றி எடுங்கள். அடிபட்ட இடத்தில் ஒத்தடம் கொடுப்பது போல.

இந்த இடத்தில் மறுபடி டார்ச் அடித்துப் பாருங்கள். கீறல் என்று நினைத்ததில் கணிசமான பங்கு காணாமல் போயிருக்கும். அவை கை எண்ணெயும் பழைய ஸ்பிரேயும் போட்ட கோடுகள். இத்தோடு மனசு நிறைந்துவிட்டால் பாலிஷ் பாட்டிலைத் திறக்காமலே நிறுத்திவிடுங்கள். நான் சும்மா சொல்லவில்லை, நண்பர்களின் வண்டிகளில் பல தடவை இங்கேயே முடித்துக் காபி குடிக்கப் போயிருக்கிறேன்.

டேப் ஒட்டி, மூலையில் ஒரு சோதனை

பட்டையைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். சொரசொரப்பான டேஷ்போர்டிலோ இடுக்கிலோ பாலிஷ் போய்க் காய்ந்தால், பழைய டூத் பிரஷ்ஷோடு அரை மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். குரோம் கோடு, ஏசி வென்ட் துடுப்புகள், ரப்பர் மாதிரி மெத்தென்ற பூச்சு உள்ள பாகங்கள் எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். வேலை முடிந்ததும் டேப்பை எடுத்துவிட வேண்டும், ராத்திரி முழுக்க விட்டால் பசை தங்கும்.

எடுத்ததும் கண்ணில் படுகிற இடத்தில் ஆரம்பிக்காதீர்கள். பக்கத்து சீட்காரரின் கால்பக்கமாக, கீழ்மூலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம் போதும். அங்கே பாலிஷைத் தொட்டு ஒரு வெள்ளைத் துணியால் பத்து தடவை தேய்த்துவிட்டுத் துணியைப் பாருங்கள். துணி வெள்ளையாகவே இருந்தால் மேலே நிறமில்லாத கிளியர் கோட் இருக்கிறது, அதைத்தான் தேய்க்கிறீர்கள். துணியில் நல்ல கறுப்பு ஏறினால் கிளியர் கோட் இல்லை. கறுப்பு பெயின்ட்டையோ கறுப்பு பிளாஸ்டிக்கையோ நேரடியாகத் தொட்டிருக்கிறீர்கள். முழுக்க ஒரே கறுப்பு பிளாஸ்டிக்கில் வார்த்த பட்டை என்றால் இது பயப்படும் விஷயம் இல்லை, அடிவரை அதே நிறம்தான். மேலே மட்டும் பெயின்ட்டோ மெல்லிய ஃபிலிமோ என்றால், ஓரங்களில் சாம்பலோ வெள்ளையோ எட்டிப் பார்க்கும். அது தெரிந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும்.

சோதித்த இடம் முன்னைவிட மங்கலாகிவிட்டால் பாலிஷ் அந்தப் பிளாஸ்டிக்குக்கு முரடு என்று அர்த்தம். இன்னும் நைசானதை வாங்குங்கள். அழுத்தித் தேய்த்துச் சரிசெய்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

தேய்க்கும் வேலை

அப்ளிகேட்டரில் ஒரு சொட்டுத் தண்ணீர், அதன் மேல் பட்டாணி அளவு பாலிஷ். முதல் தடவை ஃபோம் அதை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் இன்னொரு பட்டாணி சேர்த்துக்கொள்ளலாம். உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தேய்க்காமல் முதலில் பாலிஷைப் பரப்புங்கள். அப்புறம் இரண்டு விரல் அழுத்தத்தில் நேர்க்கோடாக முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து தடவை. அதற்குக் குறுக்கே இன்னொரு பத்துப் பதினைந்து. கடைசியில் நாலைந்து இழுப்பு, அழுத்தமே இல்லாமல், ஒரே திசையில்.

ஏன் நேர்க்கோடு? வட்டமாகத் தேய்த்தால் மிச்சமிருக்கும் நுண்கீறல் எந்தப் பக்கத்து வெளிச்சத்திலும் ஏதாவது ஒரு இடத்தில் மின்னும். நேர்க்கோடாக விட்டால் ஒரு குறிப்பிட்ட கோணத்தில்தான் தெரியும். சீட்டில் உட்கார்ந்து பார்த்து, எந்தத் திசைக் கோடு கண்ணுக்குக் குறைவாகப் படுகிறதோ அந்தத் திசையில் கடைசி இழுப்புகளை வையுங்கள். இதைச் சொல்லித்தர யாரும் இல்லாமல் நான் மூன்று பட்டைகளைக் கடந்த பிறகுதான் கண்டுபிடித்தேன்.

பாலிஷ் காயும் வரை விடாதீர்கள். லேசான ஈரம் இருக்கும்போதே சுத்தமான துணியால் எடுத்துவிடுங்கள். உடனே பார்த்தால் அற்புதமாக இருக்கும், நம்பாதீர்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை நிரப்பி வேஷம் போடும். முன்பு கரைத்த ஷாம்பூத் தண்ணீரால் இரண்டு தடவை துடைத்து, ஒற்றி எடுத்த பிறகு டார்ச் அடித்தால்தான் உண்மை முகம் தெரியும். வண்டிக்குப் பாலிஷ் போடும் கடைகளில் இதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பயன்படுத்துவார்கள். வழவழப்பான அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் ஆல்கஹால் அடர்த்தியாகப் பட்டால் நுண்ணிய வெடிப்பு விடும், அது எந்தப் பாலிஷுக்கும் போகாது. புதிதாகச் செய்பவர்கள் ஷாம்பூத் தண்ணீரோடு நிற்பதே நல்லது. கொரோனா சமயத்தில் சானிடைசரை ஸ்டீயரிங்கிலும் சுவிட்ச் பட்டையிலும் அடித்து அடித்து மங்கவைத்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

முன்பு இருந்ததில் பாதி குறைந்திருந்தால் இன்னொரு சுற்று போங்கள். ஃபோமின் சுத்தமான பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், அல்லது கழுவிவிட்டு எடுங்கள். மூன்று சுற்றுக்கு மேல் போவதில்லை என்று நான் எனக்கே ஒரு விதி வைத்திருக்கிறேன். நூற்றுக்கு எண்பது போனால் வெயிலில் கூட யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். மிச்ச இருபதைத் துரத்திக்கொண்டு போகும்போதுதான் ஓரம் கரைந்து அடிநிறம் தெரியும். ஓரமும் வளைவும்தான் எப்போதும் முதலில் தேயும். அங்கே விரலின் அழுத்தம் ஒரு கோட்டில் குவிவதால் சமதளத்தை விட வேகமாகச் சீவும்.

டிரில் மெஷினில் பேட் மாட்டிச் செய்யும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். இந்த மாதிரிப் பட்டைகளில் அதிகம் பயன்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் சுமார் 100 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். ஒரே இடத்தில் சுற்றும் பேட் அந்தச் சூட்டைச் சில நொடிகளிலேயே கிளப்பிவிடும். கையால் செய்தால் நேரமாகும், கை வலிக்கும். கை வலித்தால் தானாக நிறுத்துவோம் என்பதே அதில் ஒரு பாதுகாப்பு.

கை வைக்கவே கூடாத இடங்கள்

டச் ஸ்கிரீன். பளபளப்பு ஒன்றுதானே என்று அதிலும் பாலிஷ் போடுபவர்கள் உண்டு. அதன் மேல் கண் கூசாமலும் விரல்ரேகை படியாமலும் இருக்கப் பூச்சு கொடுத்திருப்பார்கள். பாலிஷ் அதை அங்கங்கே திட்டாகச் சீவிவிடும். மீட்டர் மேல் இருக்கும் மூடியிலும் இந்த மாதிரிப் பூச்சு இருக்கலாம், அதனால் மூலையில் சோதிக்காமல் இறங்க வேண்டாம்.

படம் போட்ட சுவிட்சுகளும் அப்படித்தான். ராத்திரியில் உள்ளிருந்து வெளிச்சம் வரும் பட்டன்களில் பல, வெள்ளை பிளாஸ்டிக் மேல் கறுப்பு பெயின்ட் அடித்து, லேசரால் படத்தின் வடிவத்தில் பெயின்ட்டை எடுத்துச் செய்தவை. தேய்த்தால் படம் பெருத்துக்கொண்டே போகும். ஸ்டீயரிங்கில் இருக்கும் பட்டையை அப்படியே வைத்துச் சுத்தம் செய்யுங்கள், கழற்றி எடுத்துச் செய்யலாம் என்ற யோசனையே வேண்டாம், அங்கே ஏர்பேக் இருக்கிறது.

நகம் தடுக்கும் ஆழக் கீறலுக்கு இரண்டு வழிதான். சர்வீஸ் சென்டரில் அந்தப் பட்டை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்பது ஒன்று. மேட் கறுப்பு வினைல் ஒட்டி மறைப்பது இன்னொன்று. என்னைக் கேட்டால் இரண்டாவது. மேட் வினைலில் தூசியும் தெரியாது, கைரேகையும் தெரியாது. கம்பெனிக்காரர்கள் முதலிலேயே அப்படிச் செய்திருக்கலாம்.

மறுபடி வராமல்

சுத்தமான பட்டையின் மேல் பிபிஎஃப் என்ற நிறமில்லாத படலத்தை ஒட்டிவிடுவதுதான் உருப்படியான வழி. டிபியு என்ற, ரப்பர் மாதிரி இழுபடும் பிளாஸ்டிக் வகையாகப் பார்த்து வாங்குங்கள். அதில் விழும் நுண்கீறல் வெயில் சூட்டிலேயே மூடிக்கொள்ளும். மலிவான பிவிசி படலம் மூடிக்கொள்ளாது, கொஞ்ச நாளில் மஞ்சளிக்கும். பல மாடல்களுக்கு அளவாக வெட்டிய செட்டே கிடைக்கிறது. ஒட்டும் முன் படலத்தின் பசைப் பக்கம் ஷாம்பூத் தண்ணீரை லேசாகத் தெளித்தால் நகர்த்திச் சரியாக வைக்க முடியும். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுங்கள். சின்னக் குமிழ்கள் இருந்தால் ஒரு நாள் பொறுங்கள், பெரும்பாலும் தானே போய்விடும். நீங்களே வெட்டினால் மூலைகளை வளைவாக வெட்டுங்கள், கூர்மூலைதான் முதலில் எழும்பும். செராமிக் கோட்டிங் போட்டால் தூசி ஒட்டுவது குறையும், துடைப்பது சுலபமாகும், ஆனால் சாவி பட்டால் அது தாங்கும் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

மைக்ரோஃபைபர் துணிகளைத் தனியாகத் துவைக்க வேண்டும். துணிக்கு வாசனை கொடுக்கும் கண்டிஷனர் போட்டால் அதன் நார்கள் அடைத்துக்கொண்டு தூசியை உள்ளே இழுக்கும் தன்மை போய்விடும். கீழே விழுந்த துணி அன்றைக்கு டயர் துடைக்க மட்டும்.

வாட்டர் வாஷுக்கு விடும்போது நான் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு வருவேன்: ‘தம்பி, உள்ளே கண்ணாடி மட்டும் துடைங்க, கறுப்புல கை வைக்க வேணாம்.’ கதவுப் படியைத் துடைத்த அதே துணி கியர் பக்கம் வருவதை ஒரு முறை கண்ணால் பார்த்த பிறகு வந்த பழக்கம் இது. ‘இல்லண்ணே, சும்மா ஒரு துடை துடைச்சு பளிச்சுனு தர்றேன்’ என்பார் அன்பாக. அந்த அன்புக்குத்தான் பயப்பட வேண்டும்.

ஆயுத பூஜை நாள் தனிக் கதை. விபூதி நைசான பொடிதான், ஆனால் காய்ந்த துணியால் துடைத்தால் அதுவும் தேய்க்கும். முதலில் ஊதிவிட்டு, பிறகு ஈரத்துணி. காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டாதீர்கள். நனைத்த துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு வைத்தால் ஊறித் தானாக வந்துவிடும். போன வருஷம் பொட்டு வைப்பதைச் சொரசொரப்பான பக்கமாக வைக்கலாமே என்று அம்மாவிடம் சொன்னேன். ‘சாமிக்கு எந்தப் பக்கமா இருந்தா என்னடா’ என்று சொல்லிவிட்டு, கியருக்குப் பக்கத்தில், அப்போதுதான் பாலிஷ் போட்ட இடத்தின் நட்டநடுவில், மூன்று விரலால் இழுத்தார்.